நத்தைக் கறி: எந்த நத்தை, எந்தத் தண்ணீர், எவ்வளவு வேக்காடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் நத்தை உணவைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நத்தை சாப்பிடுகிறவர்களை வேடிக்கைப் பொருளாக்காமல், அதுவும் ஓர் உணவுதான் என்ற மரியாதையோடு எழுதத் தொடங்கியிருந்தது மகிழ்ச்சி தந்தது. ஆனால், கட்டுரையின் பிற்பகுதியில் மூலத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் நத்தை கைகண்ட மருந்து என்றும், வெந்நீரில் லேசாகக் காட்டி எடுத்தால்தான் அதன் சத்துப் போகாமல் இருக்கும் என்றும் ஒருவர் சொன்னதை, ஒரு குறிப்புக்கூடச் சேர்க்காமல் அப்படியே அச்சிட்டிருக்கிறீர்கள். போதாக்குறைக்கு, கட்டுரையோடு வந்த பெரிய வண்ணப்படத்தில் இருப்பது நாம் சமைக்கும் வயல் நத்தையே அல்ல. மழைக்குப் பின் தோட்டத்திலும் மதிற்சுவரிலும் ஏறுகிற ஆப்பிரிக்க நத்தை. அந்தப் படத்தைப் பார்த்து நத்தையைப் பொறுக்கி, அந்த யோசனைப்படி அரைவேக்காட்டில் தின்ன ஒருவர் துணிந்தால் அதன் விளைவு தலைவலியோடு நிற்காது. அதனால்தான் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

நான் திருவாரூர் மாவட்டத்துக்காரன். அரசுப் பள்ளியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அந்தப் படிப்பெல்லாம் வருவதற்கு முன்பே, நத்தை கழுவத் தெரிந்த வீட்டில் பிறந்தவன். ஆகவே இதில் எனக்குத் தெரிந்ததில் பாதி புத்தகத்திலிருந்து வந்தது. மீதி என் அம்மாவின் கையிலிருந்து வந்தது.

காவிரிப் படுகையில் நாங்கள் நத்தை என்று சொல்வது, வயலிலும் வாய்க்காலிலும் குளத்திலும் வாழ்கிற, ஏறத்தாழ எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டு திரண்ட ஓடு கொண்ட நன்னீர் நத்தையை. கொங்குப் பக்கத்தில் இதை ஊமச்சி என்பார்கள். விலங்கியலில் இதன் பெயர் பைலா குளோபோசா. கல்லூரியில் விலங்கியல் படித்தவர்கள் ஃபார்மலின் வாடையோடு இதை நினைவில் வைத்திருப்பார்கள். இதற்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. தண்ணீருக்குள்ளும் மூச்சு விடும், வெளியிலும் விடும். கோடையில் வயல் வெடிக்கும்போது சேற்றுக்கு அடியில் இறங்கி, ஓட்டின் வாயைக் கெட்டியான மூடியால் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள் என்றால், தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்த சில நாட்களில் வரப்போரத்தில் நத்தை தலை காட்டிவிடும். குறுவைக்கு நடவு நடப் போன பெண்கள் திரும்பி வரும்போது மடியிலோ தூக்குவாளியிலோ நத்தையும் நண்டும் கட்டாயம் இருக்கும். கூலி நெல் வீடு வந்து சேர்வதற்கு முன்பே அடுப்பில் குழம்பு கொதிக்கும். நத்தை ஓட்டின் அந்த மூடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

சமைப்பதற்கு முன்னால் உள்ள வேலைதான் நத்தையில் பெரிய வேலை. தங்கள் கட்டுரை அதை 'நன்கு சுத்தம் செய்து' என்ற மூன்று சொற்களில் தாண்டிப் போய்விட்டது. எங்கள் வீட்டில் அதற்கு ஓர் இரவும் மறுநாள் காலையும் ஆகும். கொண்டுவந்த நத்தைகளை அகன்ற மண்சட்டியில் போட்டு, தண்ணீர் ஊற்றி, மேலே முறத்தைக் கவிழ்த்துக் கல் வைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் விடிவதற்குள் நத்தைகள் சுவர் ஏறியிருக்கும். இரவில் இரண்டு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும். வயிற்றில் உள்ள சேற்றையும் பாசியையும் அது தானாகக் கழித்துவிடும். காலையில் ஒவ்வொன்றையும் எடுத்து மூடியில் விரலை வைத்துப் பார்ப்பார்கள். உயிருள்ள நத்தை மூடியைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். தொட்டும் அசையாமல் வாய் பிளந்து கிடப்பது செத்தது; அதைக் கொல்லைக்கு எறிந்துவிட வேண்டும். செத்து எத்தனை நேரம் ஆயிற்று என்பது யாருக்கும் தெரியாது என்பதால் இதில் தயவு தாட்சண்யம் கிடையாது. சந்தையில் கூறு கட்டி வைத்திருப்பதை வாங்குகிறவர்களும் இந்த ஒரு சோதனையையாவது அங்கேயே செய்து பார்த்து வாங்கலாம். விற்கிற அம்மா கோபித்துக்கொள்ள மாட்டார், அவரும் அப்படித்தான் பொறுக்கியிருப்பார்.

அதன் பிறகு உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு நத்தைகளை அதில் கொட்டுவார்கள். இது சமையல் அல்ல, ஓட்டிலிருந்து சதையைப் பிரிப்பதற்கான முதல் கொதி மட்டுமே. மூடி தளர்ந்து கழன்றதும் வடித்து, ஆறவிட்டு, ஊக்கு முனையால் குத்தித் திருகி இழுத்தால் சதை சுருள் சுருளாக வெளியே வரும். முன்பக்கம் கெட்டியாக இருக்கும் தசை, அது ஊர்ந்து செல்கிற பாதம், அதுதான் கறி. பின்பக்கம் சுருண்டு கரும்பச்சையாகக் கொழகொழவென்று இருப்பது குடலும் ஈரலும்; அதைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும். சிலர் அதில்தான் ருசி என்று சொல்லிச் சேர்த்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நான் சேர்க்க மாட்டேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன். எடுத்த சதையைக் கல்லுப்பும் மஞ்சளும் அரிசி மாவும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். என் பாட்டி காலத்தில் அரிசி மாவுக்குப் பதில் அடுப்புச் சாம்பல். வழுவழுப்பு போய், கழுவின தண்ணீர் தெளிந்து வரும்வரை விடக் கூடாது. ஐந்தாறு தண்ணீராவது பிடிக்கும்.

பிறகுதான் அசல் வேக்காடு. குக்கர் வந்த பிறகு நான்கைந்து விசில் என்று கணக்கு வைத்துக்கொண்டோம். அதற்கு முன்பு விறகடுப்பில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேகும். நத்தைச் சதைக்கு ஒரு குணம் உண்டு: கொதித்த உடனே மெத்தென்று இருக்கும், கொஞ்சம் கூடினால் ரப்பராகும், அதையும் தாண்டி வேகவிட்டால் மறுபடி மெத்தென்று ஆகி ஆட்டுக் குடலைப் போல மெல்ல வரும். ரப்பராகும் கட்டத்துக்குப் பயந்து முதல் கட்டத்திலேயே இறக்குகிறவர்கள்தான் 'லேசாகக் காட்டி எடுத்தால் போதும்' என்கிறவர்கள். வெந்ததை நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் கறிவேப்பிலையும் வதக்கி, மிளகு, சீரகம், சோம்பு அரைத்த விழுது போட்டுப் பிரட்டினால் வறுவல். புளி கரைத்து, கத்தரிக்காய் நறுக்கிப் போட்டால் குழம்பு. மிளகு சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர மசாலாவைப் பற்றி எனக்கு வேறு பிடிவாதம் இல்லை. வங்காளத்தில் குக்லி என்று குளத்துச் சிறு நத்தையை உருளைக்கிழங்கோடு வதக்குகிறார்கள், மணிப்பூரில் தரோய் என்று ஓட்டோடு சேர்த்தே குழம்பு வைத்து ஓட்டிலிருந்து உறிஞ்சிச் சாப்பிடுகிறார்கள். எங்கே செய்தாலும் கொதிக்க வேண்டியது கொதித்தாக வேண்டும்.

அது ஏன் என்பதுதான் தங்கள் வாசகர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய செய்தி. எலியின் நுரையீரல் இரத்தக் குழாயில் வாழ்கிற புழு ஒன்று இருக்கிறது. ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் கேன்டோனென்சிஸ் என்று அதற்குப் பெயர். சீனத்தின் கான்டன் நகரத்து எலிகளில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். எலியின் புழுக்கையோடு அதன் நுண்ணிய இளம்புழு வெளியே வரும். நத்தை அதைத் தின்னும். நத்தையின் சதைக்குள் அது வளர்ந்து காத்திருக்கும். அந்த நத்தையை மறுபடி ஓர் எலி தின்றால் அதன் சுற்று முடிந்துவிடும். எலிக்குப் பதிலாக மனிதர் அந்த நத்தையைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ தின்றால், புழு மூளைக்குப் போய், அதற்கு மேல் வளர முடியாமல் அங்கேயே சாகும். அதனால் வருவது ஈசினோபிலிக் மூளைச்சவ்வு அழற்சி, அதாவது மூளையைப் போர்த்தியிருக்கிற சவ்வு வீங்குகிற நோய். தின்று சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை கழித்துத்தான் தலை பிளக்கிற வலி, கழுத்து விறைப்பு, வாந்தி, தோலில் எறும்பு ஊர்வது போன்ற எரிச்சல் எல்லாம் தொடங்கும். அதற்குள் நத்தை தின்றதே மறந்துபோயிருக்கும் என்பதால் மருத்துவரிடம் யாரும் அதைச் சொல்வதும் இல்லை. பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள் என்றாலும், நிரந்தரப் பாதிப்புக்கு ஆளானவர்களும் இறந்தவர்களும் உண்டு.

இது எங்கோ நடக்கிற கதை என்று தள்ளிவிட முடியாது. தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியில் நம் வயல் நத்தையின் அதே பைலா இனத்து நத்தையைப் பச்சையாகப் பொடியாக நறுக்கி, எலுமிச்சையும் மிளகாயும் பிசறிக் கோய் ஹோய் என்ற பெயரில் சாராயத்துக்குத் தொட்டுக்கொள்ளத் தின்கிறார்கள். அங்கே இந்த நோய் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து வருவதற்கு அந்தத் தொடுகறியே முதன்மைக் காரணம். எலுமிச்சைச் சாறோ, காரமோ, சாராயமோ அந்தப் புழுவைக் கொல்வதில்லை. சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் 2006ஆம் ஆண்டு ஓர் உணவக நிறுவனத்தில் சரியாக வேகாத நத்தைக் கறி சாப்பிட்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் வந்தது. அங்கே பரிமாறப்பட்டது தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட தங்க நத்தை. கேரளத்திலும் இந்த நோய் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. நம் ஊர்ப்பக்கம் இது பெரிதாகத் தலைகாட்டாமல் இருப்பதற்கு நம் நத்தை சுத்தமானது என்பது காரணமல்ல. நம் வீட்டுப் பெண்கள் அதை ஒருபோதும் அரைவேக்காட்டில் இறக்கியதில்லை என்பதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். அந்தப் பழக்கத்தைத்தான் தங்கள் கட்டுரை, தெரியாமலேயே, சத்துப் போய்விடும் என்று சொல்லிக் கெடுக்கப் பார்க்கிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். இரவு முழுவதும் தண்ணீரில் போட்டு வைப்பது குடலைக் காலி செய்யும், அவ்வளவுதான். சதைக்குள் பதிந்திருக்கிற புழுவை அது வெளியேற்றாது. நம் அடுப்படியில் புழுவைக் கொல்ல நம்பத்தக்கது சூடுதான். கொதிக்கிற தண்ணீரில், சதையின் உள்வரை சூடு ஏறி, குறைந்தது ஐந்து நிமிடம் இருந்தால் புழு சாகும் என்பது மருத்துவத் துறையின் வழிகாட்டுதல். நம் குக்கர் நான்கு விசிலில் அதைப் பல மடங்கு கடந்துவிடுகிறது. புரதம் வெந்தாலும் புரதம்தான். இரும்பும் சுண்ணாம்பும் கொதியில் ஆவியாகப் பறந்துவிடுவதில்லை. நத்தை இறைச்சியில் 100 கிராமுக்குச் சுமார் 16 கிராம் புரதம் உண்டு, கொழுப்பு மிகக் குறைவு. உழைத்துக் களைத்து வந்த உடம்புக்கு, காசில்லாமல் கிடைத்த அந்தப் புரதம் எங்கள் தலைமுறைக்கு என்ன செய்தது என்பதை நான் புள்ளிவிவரமில்லாமலேயே அறிவேன். பச்சை நத்தையை அரிந்த அரிவாள்மணையில், கழுவாமல் வெங்காயம் நறுக்கக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். என் அம்மா அதற்குக் காரணம் சொன்னதில்லை, ஆனால் அடி விழும்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். ஆப்பிரிக்கப் பெருநத்தை நம் நாட்டது அல்ல. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அது, மொரீஷியஸ் வழியாக 1847இல் கல்கத்தாவுக்கு வந்தது. வில்லியம் பென்சன் என்ற பிரிட்டிஷ் நத்தை ஆர்வலர் உயிரோடு கொண்டுவந்து ஒரு தோட்டத்தில் விட்டதுதான் தொடக்கம். இன்று கேரளத்தில் பல மாவட்டங்களில் வாழையையும் காய்கறியையும் ரப்பர் கன்றையும் தின்று தீர்க்கிற பெருந்தொல்லை அது. நம் மாநிலத்திலும் சில இடங்களில் பரவியிருக்கிறது. இதன் ஓடு கூம்பாக நீண்டு, பழுப்பு வரிகளோடு இருக்கும். ஒரு சாண் நீளம்வரைகூட வளரும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதற்கு மூடி கிடையாது. ஓட்டின் வாயில் மூடி இருந்தால் வயல் நத்தை. மூடி இல்லாமல் வெறும் சளி படிந்திருந்தால் தோட்டத்து நத்தை. சிறு பிள்ளைக்கும் இந்த வேறுபாட்டைக் காட்டிக் கொடுத்துவிடலாம்.

நேர்மையாகச் சொல்வதானால், ஆப்பிரிக்க நத்தை விஷமல்ல. நைஜீரியாவிலும் கானாவிலும் பெருநத்தை இனங்களை விருந்துச் சாப்பாடாகவே மதிக்கிறார்கள். படிகாரம் போட்டுத் தேய்த்துச் சளியைப் போக்கி, நன்றாக வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். அங்கே அது பழகிய உணவு, அதைக் கையாளத் தெரிந்த கைகள் இருக்கின்றன. இங்கே அது மேய்வது குப்பைமேட்டிலும் சாக்கடையோரத்திலும், எலி ஓடுகிற இடத்திலேயே. புழுவைச் சுமப்பதில் இந்த நத்தைக்குப் பெயர் அதிகம். வெறுங்கையால் எடுத்து விளையாடுகிற குழந்தைகள் அந்தக் கையை வாயில் வைப்பதும், நத்தை ஊர்ந்த கீரையைச் சரியாகக் கழுவாமல் பச்சையாகத் தின்பதுமே ஆபத்து. 'விவசாயிக்குத் தொல்லை, நமக்கு இலவசக் கறி' என்று தங்கள் கட்டுரை நயமாக எழுதியிருந்த வரியைப் படித்துச் சிரிக்க முடியவில்லை. கூடவே, வெளிநாட்டு நத்தையைக் கொண்டுவந்து பண்ணை வைக்கலாம் என்ற யோசனைக்கும் ஒரு பழைய பாடம் இருக்கிறது. தைவானுக்கு 1980 வாக்கில் உணவுக்கென்று கொண்டுபோன தங்க நத்தை, சந்தையில் விலை போகாமல் வாய்க்காலில் விடப்பட்டு, தென்கிழக்கு ஆசியா முழுதும் நெற்பயிரின் எதிரியாகிவிட்டது. நம் வயல் நத்தை வரப்பின் ஈர மண்ணில் வெள்ளையாக முட்டை இடும். தங்க நத்தையோ தண்ணீருக்கு மேலே தண்டில் இளஞ்சிவப்பாக அப்பி வைக்கும். அந்த நிறத்தை நம் வயலில் பார்க்கும் நாள் வரக் கூடாது.

மருந்து என்ற பேச்சுக்கு வருவோம். சித்த மருத்துவத்தில் நத்தை பற்பம் என்று ஒன்று உண்டு, மூலத்துக்குக் கொடுப்பார்கள். அது முறைப்படி புடமிட்டு, அளவோடு, வைத்தியர் கையிலிருந்து வருகிற பொருள். தெருவோரக் கடையில் குவளையில் தருகிற நத்தை சூப்புக்கு அந்தப் பெருமையைத் தூக்கிக் கொடுப்பது சித்த மருத்துவத்துக்கும் நியாயமல்ல, சூப்புக்கும் நியாயமல்ல. சூப் நல்ல சூப்பாக இருந்தால் போதாதா? ஆஸ்துமா விஷயமோ இதைவிடக் கவலைக்குரியது. வீட்டுத் தூசியில் வாழ்கிற கண்ணுக்குத் தெரியாத உண்ணி ஒன்று பலருக்கு இளைப்பைத் தூண்டுகிறது. அந்த உண்ணிக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு நத்தைச் சதையும் ஒவ்வாது. இரண்டிலும் உள்ள புரதங்கள் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பதே காரணம். அப்படிப்பட்டவர்கள் நத்தை தின்று கடுமையான மூச்சுத் திணறலுக்கு ஆளானது ஐரோப்பிய மருத்துவ இதழ்களில் பலமுறை வெளியாகியிருக்கிறது. ஆக, இளைப்புக்காரரைத் தேடிப் பிடித்து நத்தை தின்னச் சொல்வது, எவருக்கு அது கெடுதல் செய்யக்கூடுமோ அவரையே பார்த்து ஊட்டிவிடுவதாகும். இறாலும் நண்டும் ஒத்துக்கொள்ளாதவர்களும் நத்தையில் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

இத்தனையும் சொன்ன பிறகு, என்னை உண்மையில் அச்சுறுத்துவது புழு அல்ல என்பதையும் எழுதிவிடுகிறேன். புழுவைக் கொதி கொல்லும். பூச்சிமருந்தைப் போக்கக் கொதியை நம்ப முடியாது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் குருணை மருந்து போட்ட வயல் எது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வயலில் நத்தை வாய் பிளந்து மிதக்கும், கொக்கு இறங்காது. அங்கே யாரும் குனிய மாட்டார்கள். இப்போது எந்த வயலில் என்ன போட்டிருக்கிறார்கள் என்பது வயலுக்குச் சொந்தக்காரருக்கே சில நேரம் தெரிவதில்லை. கடைக்காரர் கொடுத்ததைக் கலக்கித் தெளிக்கிறார். போரேட் குருணைக்கு 2020 இறுதியோடு தடை வந்தது நல்ல செய்தி. ஆனால், மருந்துப் பெட்டியில் அச்சிட்டிருக்கிற காத்திருப்புக் காலம் அறுவடைக்கு மட்டுமே உரியது. தெளித்து எத்தனை நாளைக்கு அந்த வயலின் நத்தையையும் நண்டையும் தொடக் கூடாது என்று எந்தப் பெட்டியிலும் எழுதியிருப்பதாக நான் பார்த்ததில்லை. நத்தையோ சேற்றையும் பாசியையும் அரித்துத் தின்கிற பிராணி. தண்ணீரில் உள்ள உலோகமும் நஞ்சும் அதன் ஈரலில் போய்ச் சேரும். குடலையும் ஈரலையும் கிள்ளி எறியச் சொன்னது இதற்காகத்தான். ஆலைக் கழிவோ நகரத்துச் சாக்கடையோ கலக்கிற வாய்க்காலில் எடுத்த நத்தை எத்தனை விசில் விட்டாலும் சாப்பாட்டுக்கு ஆகாது.

நத்தை குறைந்துவிட்டது என்பதைச் சொல்ல எனக்கு ஆய்வறிக்கை வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் வடுவூரிலும் உதயமார்த்தாண்டபுரத்திலும் பறவைகள் சரணாலயங்கள் இருக்கின்றன. இரண்டும் 2022இல், உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே கூடுகிற பறவைகளில் நத்தை குத்தி நாரை ஒன்று. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரிகிற அந்த நாரை, எங்கள் பெண்களுக்கு முன்பே விடியற்காலையில் வயலில் இறங்கி, ஓட்டை உடைக்காமலேயே அலகு நுனியால் சதையை உருவிவிடும். ஊக்கு முனையால் நாம் செய்கிற அதே வேலைதான். முன்பெல்லாம் இரண்டு தரப்புக்கும் போதுமான அளவு இருந்தது. இப்போது நாரை நின்றுகொண்டே இருப்பதைப் பார்க்கிறேன்.

இன்னொன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பகுதியில் 'நண்டும் நத்தையும் தின்கிற தெரு' என்பது வெறும் உணவுக் குறிப்பாக ஒருநாளும் சொல்லப்பட்டதில்லை. அது சாதியைச் சொல்லாமல் சொல்கிற வசை. வகுப்பில் மதிய உணவு நேரத்தில் டிபன் பாக்ஸின் மூடியைப் பாதி சாய்த்து மறைத்துக்கொண்டு சாப்பிட்ட பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்த்தேன். ஒரு முறை மெல்லுடலிகள் பாடத்துக்காக வயல் நத்தை ஒன்றை மேசையில் வைத்து, பாதம் எது, மூடி எது, செரிமானச் சுரப்பி எது என்று கேட்டேன். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவர்கள் படத்தை மனப்பாடமாக ஒப்பித்தார்கள். கடைசிப் பெஞ்சிலிருந்து வந்த ஒரு சிறுமி மட்டும் கையை நீட்டி, 'சார், இது பொம்பள நத்தை இல்லீங்க' என்று ஆரம்பித்து, எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதைக் கிள்ள வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டினாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் கேட்டதும், எல்லாரும் சிரித்துவிடுவார்களோ என்று பயந்து, தெரியாது என்று சொல்லிவிட்டாள். பெரிய ஹோட்டலில் வெண்ணெயும் பூண்டும் போட்டுத் தட்டில் ஆறு நத்தை வைத்துப் பிரெஞ்சுப் பெயர் சொல்லிக் கொடுத்தால் படம் எடுத்துப் போடுகிறவர்கள், அந்தச் சிறுமியின் வீட்டுச் சட்டியை எட்டிப் பார்க்க மாட்டார்கள். தங்கள் கட்டுரை எட்டிப் பார்த்தது. அதற்காகவே அதன் பிழைகளைத் திருத்தும் சிரமத்தை எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே தங்களிடம் வேண்டுவது இவைதான். அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்தப் படம் தவறானது என்று ஒரு திருத்தம் வெளியிடுங்கள். மூடியுள்ள வயல் நத்தையையும் மூடியில்லாத தோட்டத்து நத்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓட்டின் வாய்ப்புறம் தெரியும்படி படம் எடுத்துப் போடுங்கள். வெந்நீரில் காட்டி எடுத்தால் போதும் என்ற வரியைத் திரும்பப் பெறுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நத்தையை மருந்தாகச் சாப்பிட வேண்டாம் என்று ஒரு வரி சேருங்கள். தங்கள் செய்தியாளர்களால் முடியுமானால், நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தாரையும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தாரையும் சந்தித்து, படுகை வயல்களின் நத்தையில் எந்த மருந்து எத்தனை நாள் தங்குகிறது என்று பரிசோதித்துச் சொல்ல இயலுமா என்று கேட்டு எழுதுங்கள். நெல்லுக்கும் பருத்திக்கும் செய்கிற சோதனையை, அந்த நெல்லை நட்டவர்கள் சாப்பிடுகிற உணவுக்கும் ஒரு தடவை செய்து பார்க்கலாம்.

சமையல் குறிப்பு தனியாக வெளியிடுவதானால், மேலே எழுதியதையே எடுத்துக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. கத்தரிக்காய் போடுவதாக இருந்தால் அதைக் கடைசியில் போடச் சொல்லுங்கள். நத்தையோடு சேர்த்துக் குக்கரில் போட்டால் கரைந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.